கால் குத்தினால்தான் விசா

கடற்கரையில் வாழும் உயிர்களைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. ஆமை இருக்கும், நண்டு இருக்கும், சொறிமீன் படத்தோடு இருக்கும். ஆனால் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் படுகிற ஓர் உயிரைப் பாடம் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். அதன் பெயர் விசா ஆசான்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். இஸ்திரி கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப்பையில் ஒரு பேனா. அது எழுதுவதற்கு இல்லை, காற்றில் தேச எல்லைகளை வரைந்து காட்டுவதற்கு. எங்கேயோ ஒரு கப்பலிலோ வளைகுடாவிலோ ஒன்றிரண்டு ஒப்பந்தம் வேலை பார்த்துவிட்டு வந்து, மிச்ச ஆயுள் முழுவதையும் எந்த நாடு யாரை உள்ளே விடும், யாரை வாசலோடு அனுப்பும் என்று விளக்குவதில் கழிக்கிற பிறவி. ஞானஸ்நான வீட்டில் குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர் காயும் முன்பே அதற்குப் பாஸ்போர்ட் எடுக்க நல்ல வயது இதுதான் என்று தெரிவிக்கும். சாவு வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மோட்சத்துக்கு சிங்கிள் என்ட்ரிதான், போனால் திரும்ப வர வழியில்லை என்று துக்கத்தோடு தலையாட்டும். இந்த இனத்தை அடையாளம் காண ஒரே வழி: அதன் வாயிலிருந்து கேள்விக்குறி வராது. வருவதெல்லாம் முற்றுப்புள்ளி.

நம் கையில் அகப்பட்ட ஆசானின் பெயர் கிளீட்டஸ். ஊர் கடியப்பட்டணம். சொகுசுக் கப்பல் ஒன்றின் அடித்தட்டில், சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். மேலே உலகம் சுற்றுகிறவர்கள் ராத்திரி கசக்கிய விரிப்புகளைக் கீழே நின்று விடிய விடியச் சமன் செய்தவர். ஒருநாள் முதுகுத்தண்டு, போதும் ஓய், என்றது, வந்துவிட்டார். இப்போது தெருவில் சிலுவை நாட்டிய குருசடிக்குப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வருகிறவருக்கு ஐரோப்பாக் கண்டம் இலவசம்.

அவருடைய வேதத்தில் ஒரே ஒரு வசனம்தான். "கால் குத்தினாத்தான் விசா."

எங்கள் பக்கத்தில் கால் குத்துவது என்றால் முள் குத்துவது இல்லை. தரையில் காலை வைப்பது. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் கப்பலுக்குள் இருப்பவன் கடலில்தான் இருக்கிறான். கடலுக்கு விசா கிடையாது. சரி, இறங்கி ஊர் பார்க்க ஆசைப்பட்டால்? அதற்கும் வசனத்தில் உட்பிரிவு உண்டு. கப்பல்காரன் தன் கப்பல் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டுக் கப்பல் கிளம்புவதற்குள் வந்துவிடலாம். கிளீட்டஸ் அப்படித்தான் துறைமுகம் துறைமுகமாக இறங்கினார். இது வேலைக்காரனுக்கு உள்ள சலுகை. அப்படியானால் துட்டுக் கொடுத்து மேல்தட்டில் வருகிற பயணிக்கு?

நீங்களும் நானும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவோம். கிளீட்டஸ் தயங்கியதே இல்லை. துணி துவைத்தவனையே விட்டார்களாம். துணியை அழுக்காக்கிய முதலாளியை விடாமல் இருப்பார்களா? இந்த நியாயத்தில் எங்கேயாவது ஓட்டை தெரிகிறதா? ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பையன்கள் சும்மா இருப்பார்களா? கொட்டாரம் என்பது நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ் நிற்கிற ஊர். டெல்வின் என்கிற ஒருவன் அதை நாடாக்கி, தெற்குக் கொட்டாரியா குடியரசுக்குப் போக என்ன செய்யணும் அண்ணே என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான். கிளீட்டஸ் பேனாவை எடுத்தார். அங்கே இப்போது ஆட்சி சரியில்லை என்றும், பேங்க் பாஸ்புக் கேட்பான் என்றும், வடக்குக் கொட்டாரியா வழியாகப் போனால் லேசு என்றும் சொன்னார்.

ஆழ்கடலுக்குப் போகிற டிஜோ அதைவிடப் பெரிய சந்தேகத்தோடு வந்தான். கடலில் கோடு தெரியாமல் அந்தப் பக்கம் போய், இலங்கைக் கடற்படையிடம் மாட்டி, கொஞ்ச காலம் அங்கே சோறு தின்றுவிட்டு வந்தவன்.

"எங்கள அவனுவளே கையப்பிடிச்சு எறக்கினானுவ அண்ணே. நல்லா ரெண்டு காலும் குத்தினோம். ஒருத்தனும் விசா கேக்கல்லியே?"

கிளீட்டஸ் கண்ணை மூடித் திறந்தார்.

"அது ஆன் அரைவல் மக்கா."

இப்படி யாருக்கும் நஷ்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் இரண்டாயிரத்துப் பதினான்காம் வருஷம் செசிலியின் அக்காள் குறுக்கே வந்தாள்.

செசிலி, கிளீட்டஸின் மனைவி. அவளுடைய அக்காள் வியாகுலம்மாள் கொழும்பில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். போன பிறகு அங்கே சண்டை வந்தது. சண்டை முடிந்தபோது அவளுக்குக் கால் வீங்கி நடை நின்றுபோயிருந்தது. செசிலியின் மகள் ஜெனிலா பிறப்பதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்த சகோதரிகள், ஜெனிலா வளர்ந்து குவைத்தில் நர்சாகி வேலை பார்க்கிற காலம்வரை போனில்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். விமானத்தில் போகலாமே என்றால் செசிலிக்கு ஆகாயம் ஆகாது. கடலைப் பற்றிக் கவலை இல்லை. அவள் பிறந்த வீட்டு வாசலில் கிடந்ததே கடல்தான்.

அதனால் ஜெனிலா ஒரு காரியம் செய்தாள். கொச்சியில் ஏறி, ஒரு பகல் முழுக்கக் கொழும்புத் துறைமுகத்தில் நின்று, மறுபடி கொச்சிக்கே வருகிற உல்லாசக் கப்பல் ஒன்றில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்துவிட்டாள். துறைமுக வாசலுக்கு வியாகுலம்மாளை ஆட்டோவில் கூட்டிவந்து உட்காரவைப்பதாக அங்கிருந்தும் சொல்லிவிட்டார்கள். செசிலிக்கு வேண்டியது அந்த ஒரு பகல்தான்.

ஜெனிலா போனில், கொழும்பில் இறங்குகிற பயணிக்கு முன் அனுமதி வேண்டும் என்று போட்டிருக்கிறது, பாஸ்போர்ட் நம்பரைச் சொன்னால் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுகிறேன் என்றாள். கிளீட்டஸ் சிரித்தார். சின்னக் குழந்தை முதல் எழுத்தைத் தப்பாகச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு, குவைத் கணக்கில் போன் காசு ஏறிக்கொண்டிருக்க, சலவைக்கூடத்திலிருந்து தொடங்கி உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முடித்தார்.

"வேலக்காரனுக்கே வேண்டாம் மக்கா. மொதலாளிக்கு வேணும்ணு எவனும் சொல்லமாட்டான். நீ ஊசிபோடுத வேலயப் பாரு."

செசிலி அப்போது மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்வது கிளீட்டஸின் இன்னொரு சட்டம்.

கொச்சித் துறைமுகத்தில் கிளீட்டஸுக்கு ஒரு ராஜகளை வந்துவிட்டது. வேலைக்காரனாகப் பின்வாசலில் ஏறியவர், முன்வாசலில் வரிசையில் நிற்கிறார். வரிசை என்றால் என்ன? ஓட முடியாத ஆட்கள் என்று அர்த்தம். முன்னால் நின்றவர் அருமனைக்காரர் சுந்தரராஜ். ரப்பர் தோட்டம் உள்ளவர், மனைவி சத்தியபாயோடு வந்திருந்தார். எனக்கொரு சம்சயம் என்று அவர் வாயைத் திறந்ததுதான் தப்பு. கிளீட்டஸ் அவர் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். செசிலி இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, இரண்டு அட்டை வாங்கி வருவதற்குள், சுந்தரராஜ் தன் மகன் பெனிஷ் மூலமாகக் கொழும்புக்கு முன் அனுமதி எடுத்திருப்பதை ஒத்துக்கொண்டிருந்தார். கிளீட்டஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்கள நல்லா பறிச்சிருக்கானுவ. போட்டும். படிச்சவன் ஏமாறியது புதுசு இல்ல."

சத்தியபாய் தன் கணவரைப் பார்த்த பார்வையை அவர் கப்பல் ஏறும்வரை முதுகில் சுமந்துகொண்டு போனார்.

மறுநாள் மதியம், சுற்றிலும் கரையே இல்லாத நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்து ஒலிபெருக்கி பேசியது. தட்டும் கரண்டியும் போட்ட சத்தத்தில் மற்றவர்களுக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் விழுந்தது. கிளீட்டஸுக்கு முழுசாக விழுந்தது. சலவைக்கூடத்து இயந்திரங்களின் இரைச்சலிலேயே அந்த ஒலிபெருக்கியைக் கேட்டுப் பழகின காது அது. நாளைக் காலை கொழும்பு. முன் அனுமதி இல்லாத பயணிகள் கப்பலிலேயே இருக்கவேண்டும். இறங்க முடியாது. இது கப்பல் பணியாளர்களுக்குப் பொருந்தாது.

வேலைக்காரனுக்கு உண்டு, முதலாளிக்கு இல்லை. இத்தனை வருஷமாக அவர் தலைகீழாகப் பிடித்திருந்த உலக உருண்டையை யாரோ நிமிர்த்திக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"என்ன சொல்லுதான் ஓய்?" என்றார் எதிரே இருந்த சுந்தரராஜ். செசிலியும் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சாயங்காலம் பாட்டுக் கச்சேரி உண்டாம்," என்றார் கிளீட்டஸ்.

அன்று மத்தியானம் செசிலி அறைக்குள் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி டப்பாவில் அடுக்கினாள். அக்காளுக்குப் பல் இருக்குமோ என்று கேட்டாள். ஜெனிலா கல்யாணத்துக்கு எடுத்த பட்டை உடுத்தினால் வெயிலுக்கு ஆகுமோ என்று கேட்டாள். துறைமுக வாசல் எவ்வளவு அகலம், அங்கே நிழல் உண்டா என்று கேட்டாள். கிளீட்டஸுக்கு அந்த வாசலின் அகலம் தெரியும். அது தெரிந்து என்ன? எழுந்து வெளியே போனார்.

கப்பலின் நடுத்தளத்தில் ஒரு மேசை உண்டு. சந்தேகம் கேட்பதற்கென்றே ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்து அங்கே உட்காரவைத்திருப்பார்கள். கிளீட்டஸ் அவளிடம் கேட்கவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: எங்களுக்கு அனுமதி இல்லை, இனி ஏதாவது செய்ய முடியுமா? எவ்வளவு சின்ன வாக்கியம். ஆனால் முப்பது வருஷமாக இடதுபக்கமே திரும்பாத கழுத்தை ஒரே நாளில் திருப்பச் சொன்னால் திரும்புமா? அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது கொழும்புத் துறைமுகத்தின் வரலாறு. எந்த வாசல் பழையது, எந்த வாசல் புதியது, எங்கே கப்பல்காரர்களுக்குச் சாயா கிடைக்கும். அந்தப் பெண் கவனமாகக் கேட்டுவிட்டு, தகவலுக்கு நன்றி சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி போனார். மறுபடி மிட்டாய். மூன்றாவது தடவை போனபோது அவள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தியிடம், கொழும்பைப் பற்றி எது வேண்டுமானாலும் இவரிடம் கேட்கலாம் என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

காலையில் கப்பல் கொழும்பில் கயிறு கட்டியது. இறங்குகிற வரிசையில் செசிலி பட்டு உடுத்து, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் கிளீட்டஸ். முதுகு வலிக்கிறது என்று ஆரம்பித்தார். நான் எத்தனையோ தடவை பார்த்த ஊர்தானே என்றார். வெயில் கடுமை, அக்காளைக் கப்பலுக்கே வரச்சொல்லிவிடலாம் என்றார். அது நடக்காது என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தெரியும். செசிலி வரிசையோடு ஓரடி முன்னால் வைத்தாள். அவரும் வைத்தார். சாமான் ஏற்றுகிற பெல்ட்டில் தப்பாக ஏறிவிட்ட ஆடு மாதிரி இருந்தது அவர் நிலைமை.

முன்னால் போன சுந்தரராஜ் பாஸ்போர்ட்டைக் காட்டினார், விட்டார்கள். படிக்கட்டின் பாதியில் நின்று திரும்பினார்.

"வாரும் ஓய் கிளீட்டஸ், நாங்க கீழ நிக்கோம்."

அதிகாரிக்கும் அவர்களுக்கும் நடுவே இன்னும் ஒரே ஒரு குடும்பம். அப்போது செசிலி, திரும்பிப் பார்க்காமலே, வேறு யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"ஜெனிலாக்க அப்பா, அக்காவுக்கு என்னத் தெரியுமா? பாத்தா இது நான்தாண்ணு தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு உட்பிரிவு இல்லை. எந்த நாட்டுச் சட்டத்திலும் பதில் இல்லை. கிளீட்டஸ் அவள் பின்னந்தலையைப் பார்த்தார். சாயம் பூசியும் மறையாத நரை, காதோரத்தில். வியாகுலம்மாள் பார்த்துவிட்டுப் போன தலையில் அது இல்லை.

"எனக்குத் தெரியாது செசிலி," என்றார்.

ஒரு தெரியாது வெளியே வந்த வழியில் அடுத்ததும் தள்ளிக்கொண்டு வந்தது.

"எறங்க விடுவானுவளாண்ணும் தெரியாது. நான் சொன்னது எல்லாம் வேலக்காரனுக்கு உள்ள ரூலு. பாசஞ்சரா நான் ஒரு எடத்திலயும் கால் குத்தினது இல்லட்டி. உன்ன ஏமாத்திப் போட்டேன்."

செசிலி இப்போது திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் முகத்தில், கணவனின் முதுகுவலித் தைலம் எங்கே என்று அவருக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கிறவளின் அலுப்புத்தான் இருந்தது.

"இத முந்தாநாளு கொச்சியில சொல்லியிருந்தா நானும் ஒளிச்சு வைக்காம ரெண்டு வேள நிம்மதியா தின்னிருப்பேன். நீங்க போன வச்ச ஒடனே ஜெனிலா எனக்கு அடிச்சா. நம்பரு சொல்லிக் குடுத்தேன். அண்ணைக்கே போட்டுட்டா."

"ரெண்டு பேருக்குமா?"

வாசகர்களே, கவனித்தீர்களா? வளைந்து, கீழே ஒரு புள்ளியோடு, அதன் பெயர் கேள்விக்குறி.

"ஒங்களுக்குப் போடாண்டாம்ணுதான் நெனச்சேன்," என்றாள் செசிலி. "பொறவு, அக்காட்ட ஒங்களயும் காட்டாண்டாமாண்ணு இருந்துச்சு."

அதிகாரி இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, கம்ப்யூட்டரைப் பார்த்து, முத்திரை குத்தி, போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். எந்த விளக்கமும் கேட்கவில்லை. கிளீட்டஸுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

வாசலில் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் செசிலியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏட்டி என்று கூப்பிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் ஒருத்தி மற்றவளிடம் நீ மெலிந்துபோனாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவரும் மெலியவில்லை. பல் இருந்தது, முந்திரிக்கொத்து உடைந்தது. வாயில் அதை வைத்துக்கொண்டே வியாகுலம்மாள் கிளீட்டஸைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, கப்பல்ல வாறவங்களுக்கும் விசா மாதிரி ஏதும் வேணுமோ?"

கிளீட்டஸின் கை சட்டைப்பைக்குப் போனது. பேனா பாதி வெளியே வந்தது. செசிலி பார்த்தாள். பேனா உள்ளே போனது.

"செசிலிட்ட கேளுங்க," என்றார்.

இத்துடன் ஆசான் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பிய அன்று சாயங்காலமே குருசடிக் கடையில் கூட்டம். கால் குத்தினால் மட்டும் போதாது, குத்துவதற்கு முன்பே அனுமதி எடுக்கணும், அதற்கு ஈ.டி.ஏ. என்று பெயர், அது இல்லாமல் போகிறவன் மடையன் என்று பேனா காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தது. அப்போ முந்தி சொன்னது என்னண்ணே என்று டிஜோ கேட்டான். அது பழைய ரூல் என்று பதில் வந்தது. அருமனையில் ஒருத்தர் இவர் சொன்னபடி செய்ததால்தான் இறங்க முடிந்தது என்றும் ஒரு சேதி சேர்ந்துகொண்டது.

ஆனால் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு, கூர்ந்து பார்த்தால் தெரியும். கோயில் விட்டு செசிலி அந்த வழியாக வரும்போது மட்டும் ஆசானின் குரல் ஒரு படி இறங்கும். சொல்லிக்கொண்டிருந்த சட்டத்தை முடிக்காமல் அவள் பக்கம் திரும்பி, "இல்லியாட்டி?" என்பார். அவள் நிற்காமல் போய்விடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அது சம்மதம்தான் என்று இப்போது அவர் அவ்வளவு உறுதியாக நினைப்பதில்லை.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் உங்கள் உதடு அசைந்ததே, அது என்ன? கொச்சியில் அப்படி ஏற்றமாட்டார்கள் என்றா? எங்கள் சின்ன மாமா போனபோது விமானத்துக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு வேறு சட்டம் என்றா? இதை எழுதினவனுக்கு விவரம் பத்தாது, பக்கத்தில் இருப்பவரிடமாவது சரியானதைச் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினீர்களே, கொஞ்சம் நில்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள்.

பேனா இருக்கிறதா?